கூடத்தில் ஒரு சிறகு

மாநகராட்சியில் அந்தப் பொறியாளருக்கு 'இல்லையம்மா' என்று பட்டப்பெயர். ஊருக்கு யாராவது சிலை, சிற்பம் என்று நன்கொடை தர முன்வந்தால், அதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவில் அவர் சொல்தான் எடுபடும். பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார். காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செல்வந்தர் ஒருவர் கொடுத்த குதிரைச் சிலையைக் கைதட்டி வாங்கி நடுச்சந்தியில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே துருவேறி, ஒரு மழைநாளில் முன்னங்கால் ஒடிந்து சாலையில் விழுந்தது. கீழே யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. மிச்சக் குதிரையை அறுத்து லாரியில் ஏற்றும் வேலை அவர் தலையில் விடிந்தது.

அவரைத் தேடி ஒரு நர்ஸ் வந்தார். நர்ஸின் கணவர் பேருந்துப் பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புத் தகட்டில் ஒரு நாரை செய்திருக்கிறார், ஊர் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். படம் இருக்கிறதா என்று பொறியாளர் விசாரித்தார்.

"முழுசா இருந்தாத்தானே மேடம் படம் எடுக்க? ஒரு ரெக்கை ஹால்ல இருக்கு. இன்னொண்ணு பெட்ரூம்ல. அதுக்கு அடியிலதான் நாங்க தூங்கறோம்."

நேரில் போய் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு மறுத்துவிடலாம் என்றுதான் பொறியாளர் கிளம்பினார். கூடத்துக்குள் நுழைந்ததும் வாசலருகிலேயே நின்றுவிட்டார். தரையிலிருந்து கூரை வரை சாய்ந்து நின்றது ஒரு சிறகு. அதன் ஓரத்தில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சமையலறைச் சுவரோரம் இரண்டு கால்கள். மாடிப்படியை ஒட்டி வளைந்து ஏறியது கழுத்து. உடல் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி ஒருக்களித்து நடக்கப் பழகியிருந்தார்கள்.

"எம் பொண்ணு பத்தாவது படிச்சப்ப ஆரம்பிச்சாரு. இப்ப அவ பொண்ணே பள்ளிக்கூடம் போகுது. எனக்கு என் ஹால் வேணும் மேடம், அவ்வளவுதான்," என்றார் நர்ஸ்.

வெல்டர் ஒல்லியான மனிதர். பணிமனைச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. இறகுகளெல்லாம் உடைத்துப்போட்ட பழைய பேருந்துகளின் தகடு என்று சொன்னார். பெயிண்ட்டைச் சுரண்டாமல் அப்படியே வெட்டியிருந்தார். ஓர் இறகில் பாதி வழித்தட எண் தெரிந்தது. இன்னொன்றில் ஜன்னலுக்குக் கீழே ஓடும் சிவப்புப் பட்டை. பொறியாளர் இணைப்புகளைத் தட்டிப் பார்த்தார். குதிரையின் வயிற்றுக்குள் பார்த்த ஓட்டை வேலை எதுவும் இங்கே இல்லை.

"நீங்க இதை முழுசாப் பாத்திருக்கீங்களா?"

"எங்க மேடம், மனசுல பாத்ததுதான். ஒண்ணா நிறுத்த எங்க இடம்?"

பொறியாளர் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நன்கொடையாக வாங்காமல், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துத் திடலில் கொஞ்ச காலம் இரவலாக நிறுத்திப் பார்க்கலாம், காற்றைத் தாங்குகிறதா என்று சோதித்தபின் முடிவு செய்யலாம் என்று குழுவில் பேசினார். குழுத் தலைவர் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

ஜன்னல் சட்டத்தைக் கழற்றித்தான் சிறகை வெளியே எடுக்க முடிந்தது. திடலில் கால்கள் மேல் உடலை வைத்து முடுக்கினார்கள். பிறகு சிறகுகளும் கழுத்தும் ஏறின. வெல்டர் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார், அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து கிரேன் விலகியதும் பொறியாளர் அவரையும் நர்ஸையும் பாலத்துக்கு அழைத்துப் போனார். வெல்டர் தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தார். பாலத்தின் நடுவில் நின்று திரும்பினார்.

ஒரு காலைத் தூக்கி, சிறகை அப்போதுதான் விரித்து, மூன்று மாடி உயரத்துக்கு நின்றது நாரை. வெயில் அதன் மேல் முழுதாக விழுந்திருந்தது. நீலம், பச்சை, மங்கிய சிவப்பு என்று அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த பேருந்துகள் அத்தனையும் இறகாகிப் படபடக்கக் காத்திருப்பதுபோல் இருந்தது. அதன் எடையைப் பொறியாளரே கணக்குப் போட்டிருந்தார். அப்படியும், அடுத்த நொடி அது தரையில் இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. பாலத்தில் வந்த பேருந்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகளில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

"இதுவாங்க நம்ம வீட்டுக்குள்ள இருந்துச்சு?" என்றார் நர்ஸ், மெதுவாக.

வெல்டர் கண்ணைச் சுருக்கிக் காலிலிருந்து அலகு வரை பார்த்தார். பிறகு சொன்னார்: "கழுத்து கட்டையா இருக்கு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. மாடிப்படியில் கழுத்து கூரையைத் தொட்டதும் அங்கேயே நிறுத்தியிருந்தார். இன்னும் ஒரு முழம் வேண்டுமாம்.

அதற்குள் ஊரே திடலுக்குத் திரண்டுவிட்டது. நாரையை உடனே நன்கொடையாக வாங்கி விழா எடுக்க வேண்டும் என்று தலைவர் பரபரத்தார். நன்கொடையாக வந்த பொருளைச் செய்தவரே ஆனாலும் மாற்றக் கூடாது என்று விதி எழுதியவர் பொறியாளர்தான். அன்று மாலையே வெல்டர் வீட்டுக்குப் போனார்.

"இப்பக் குடுத்துடாதீங்க. இரவலாவே இருக்கட்டும். இரவல்னா அது உங்க பொருள், நீங்க கை வைக்கலாம். குடுத்துட்டா நானே உங்களக் கிட்ட விடமாட்டேன்."

"தலைவர் கோச்சுக்க மாட்டாரா?" என்று நர்ஸ் கேட்டார்.

"கோச்சுக்கட்டும்."

அவர் கோபித்துக்கொண்டார். ஆனாலும் இரவல் நீண்டது. கழுத்தை இறக்கினார்கள். வெல்டர் திடலிலேயே பட்டறை போட்டு ஒரு முழம் சேர்த்தார். கழுத்து மறுபடி ஏறிய அன்று பாலத்தில் நிற்க இடமில்லை. இப்போது நாரை ஆற்றைத் தாண்டி எதையோ கண்டுகொண்டு நிற்பதுபோல் இருந்தது. காற்று வந்தது. அத்தனை தகடுகளும் ஒருசேர மெல்லச் சலசலத்தன. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

காது மந்தமான வெல்டருக்கு அது கேட்டிருக்காது. நர்ஸ் அவர் கையை எடுத்துப் பாலத்தின் கம்பியில் வைத்தார், தகடுகளின் அதிர்வு அங்கே வரை எட்டுமோ என்னவோ. வெல்டர் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எடுத்துக்குங்க," என்றார்.