மச்சான் பிடித்த கயிறு

மையத்தை, இறந்தவன் உடலை, குளிப்பாட்டக் காய்ச்சி வைத்திருந்த அண்டாவை நான் காலால் தட்டிவிட்டேன். கீழக்கரையில் நல்ல தண்ணீர் வண்டியில் வருவது. அது முற்றத்தில் ஓடி, வந்தவர்களின் செருப்புகளை மிதக்கவிட்டு வாசலுக்குப் போய்விட்டது. மற்ற நாளாக இருந்தால் என்னைக் கிழித்திருப்பார்கள். இன்று யாரும் ஒரு சொல் கடியவில்லை.

"பரவால்ல வாவு, வேற தண்ணி வருது," என்றார் நெய்னா முகம்மது மாமா. பத்து வருஷத்தில் அவர் திட்டாமல் விட்ட என் முதல் தப்பு அது.

பலகையில் கிடந்தவன் பாக்கர், என் தங்கை சல்மாவின் மாப்பிள்ளை. சங்கு குளிக்கிறவன். கடலடியில் அவன் மூச்சடக்கி இருக்க, மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் நான். தங்கையை விதவையாக்க எந்த அண்ணனும் துணியமாட்டான் என்று, கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கு ஒரு வேலை கிடைத்ததே அந்த நம்பிக்கையில்தான். திறமையை யாரும் விசாரிக்கவில்லை.

நேற்றுக் காலை, கரையோரம் நின்ற சரக்குத் தோணியிலிருந்து மஞ்சளாகப் புகை எழுந்தது. எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற குளோரின் சிலிண்டர்கள். அடித்தட்டில் ஒன்றின் திருகு இளகிக் கசிந்தது. காற்று ஊர்ப்பக்கம். ஜனங்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஓடினார்கள். துறைமுக அதிகாரி வீரபத்திரன், புகை எட்டாத தூரத்தில் நின்று மிகத் தைரியமாகக் கட்டளையிட்டார். மதுரையிலிருந்து முகமூடி வர மறுநாள் ஆகுமாம்.

"முகமூடி எதுக்கு? மூச்சு விடாம இருந்தாப் போச்சு," என்றான் பாக்கர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். "மச்சான், போன வாட்டி மாதிரி முந்தி இழுத்துத் தொலையாதீங்க."

போன வாட்டி, அவன் கயிற்றை அசைக்கும் முன்பே பயந்து இழுத்துவிட்டேன். கைக்கெட்டிய இரண்டு சங்கு போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதை அவனைவிட நன்றாக நானே நடித்தும் காட்டினேன்.

அதனால் நேற்று, முகத்தில் ஈரத்துண்டோடு தோணி மேல்தட்டில் நின்று, எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். கயிறு அசையவில்லை. கடைசியில் இழுத்தபோது மூட்டை போல வந்தான். திருகை மூடியிருந்தான், ஊர் தப்பித்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நுரை கக்கிக் கிடந்து, விடியும்போது அடங்கினான்.

நான் பிந்திவிட்டேனா என்று டாக்டரைக் கேட்டேன்.

"விஷ வாயுப்பா அது," என்றார்.

வீரபத்திரனைக் கேட்டேன். "உங்க பேரையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், துணிச்சலா உதவினதா," என்றார்.

மாமாவைக் கேட்டேன். "அல்லாவோட நாட்டம்."

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. புருஷன் இறந்த துக்கத்தில் சல்மா தனித்து இத்தா இருக்கும் அறைக்குள் வெளி ஆண்கள் போகக் கூடாது, அண்ணன் போகலாம். வெள்ளைத் துணியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நானும் அழவில்லை. எதையாவது கேலியாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என் வழக்கம். இன்று தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன எண்ணுனீங்க காக்கா?" என்றாள் அவளே.

"நூத்திப் பத்து."

பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "வீட்டுல மூச்சடக்கிப் பழகுவாக. நாந்தான் எண்ணுவேன். எம்பத்தஞ்சு தாண்டுனதில்ல."

"எனக்கும் தெரியும்."

"தெரியும்ல."

"அசைக்கலியே சல்மா. முந்தி இழுத்தாச் சிரிப்பானேன்னு... நான் பிந்திட்டேனா?"

யாரோ கதவடியில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார்கள். சல்மா எட்டி எடுத்து, ஒரு தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆமா காக்கா," என்றாள். "பிந்திட்டீங்க."