அடுப்புப் பலகையில் இருந்த பேட்டரி

தர்ஷனா என்றால் நாகலெட்சுமிக்கு உயிர். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வரிசை வீட்டுப் பெண் படிக்கப்போய், இன்று பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் சும்மாவா? கொழுந்து வெட்டும் மெஷின்களின் லித்தியம் பேட்டரிகள் சீக்கிரமே செத்துப்போவதைப் பார்த்து, தானே புதிதாகச் செய்து எடுத்து வந்திருந்தாள்.

உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு சேர்மானம், அதுவும் சில சொட்டுத்தான். முதல் சார்ஜிலேயே அது தன்னை அழித்துக்கொண்டு, பாலில் ஆடை படிவதுபோல் மின்முனைத் தகட்டின்மேல் தோலாகப் படியும். அந்தத் தோல் இருக்கும்வரை திரவம் தகட்டை அரிக்காது. நாகலெட்சுமிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வாசலில் குந்திக்கொண்டு அவள் சொன்ன அழகை நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சேர்மானம் போட்டது ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கப் போடாதது ஒன்று. இரண்டையும் நாகலெட்சுமி தன் மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டு வேலை செய்தாள். வித்தியாசம் தெரியாவிட்டால் இத்தோடு சரி என்று தோட்டத்து மேனேஜர் தொரை கறாராகச் சொல்லியிருந்தார்.

சில மாதங்கள் கழித்து மீட்டரோடு வந்த தர்ஷனா, சூடு படாமல்தானே வைத்திருந்தீர்கள், சூடு பட்டால் அந்தத் தோல் கெட்டுவிடும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நாகலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. பனியில் நனைந்த பேட்டரிகளைத் துடைத்து, ஈரக் கம்பளி காயப்போடும் அடுப்புப் பலகையில்தான் தினமும் வைத்தாள். நல்லது செய்வதாக நினைப்பு! மறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இந்தப் பிள்ளையின் உழைப்பாயிற்றே, எப்படி மறைப்பது?

"பாப்பா, நாந்தான் கெடுத்துட்டேன். ரெண்டையும் அடுப்புக்கு மேலதான் வச்சேன்."

தர்ஷனாவின் முகம் வாடியது. ஆனாலும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மீட்டரை எடுத்து மாட்டினாள். சேர்மானம் போடாதது சார்ஜ் பிடிக்கும் திறனில் பாதிக்குமேல் இழந்திருந்தது. சேர்மானம் போட்டதை மாட்டிப் பார்த்தவள் நம்பமுடியாமல் வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். புதிதாக வந்தபோது இருந்ததில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"இந்தச் சூட்டக் குடுத்துப் பாக்க நானே பயந்துகிட்டிருந்தேன்க்கா, அந்தத் தோலு தாங்கிடுச்சு," என்று சிரித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். இவளோ ஒரு பேட்டரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இன்னும் நிறையச் செய்து லேபில் அதே சூட்டிலும் இங்கே தோட்டத்து மெஷின்களிலும் போட்டுப் பார்க்கவேண்டும், அதற்குத்தான் தொரையிடம் அனுமதி கேட்கப் போகிறேன் என்றாள். அடுப்பு விசயத்தையும் சொல்லப்போகிறாளாம். அதை எதற்குச் சொல்லவேண்டும் என்று நாகலெட்சுமி பதறினாள்.

"அதச் சொல்லாட்டி நான் சொல்ற மத்ததும் பொய்தான்க்கா."

நாகலெட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட பிள்ளை!

"அப்ப நீ சொல்லாத. வச்சவ நாந்தான், நானே தொரைகிட்ட சொல்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தாள்.