என் பேரில் ஒரு வீடு

மலிவு வீட்டுக்கு மனுக் கொடுக்கும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் அடையாள அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, உங்களுக்குத்தான் ஏற்கெனவே வீடு இருக்கிறதே என்று மலாயில் சொன்னாள். சிரித்துக்கொண்டு, வாழ்த்துகிற மாதிரி சொன்னாள். எனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ சொல்கிறாள் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

வீடு இருப்பது உண்மைதான். கிள்ளான் பக்கம் மேருவில், மாடி வைத்த வரிசை வீடு. அதில் என் தம்பி வாசு இருக்கிறான், அவன் பெண்டாட்டி மாதவி இருக்கிறாள், அவர்கள் பையன் இருக்கிறான். நான் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பழைய ஃபிளாட்டின் பின்னறையில், வாடகைக்கு. அந்த அறையையும் வீட்டுக்காரர் மகன் கல்யாணத்துக்காகத் திருப்பிக் கேட்டுவிட்டார். தீபாவளிக்குள் நான் வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

இடமும் பார்த்துவிட்டேன். கிள்ளானுக்கு வெளியே, முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த இடத்தில் மலிவு விலை அடுக்குமாடி கட்டி முடித்திருந்தார்கள். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும். மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்தேன். சின்ன வீடு. இரண்டு அறை, துணி காயப்போட ஒரு மூலை, அடுப்படியில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்து திறந்து மூடினேன். கூட வந்த விற்பனைப் பையன் என்ன நினைத்தானோ. இத்தனை வருஷம் அடுத்தவர் சமையல் முடியக் காத்திருந்து அடுப்புப் பற்றவைத்தவளுக்கு அந்த ஜன்னலின் அருமை தெரியும்.

அந்த ஜன்னலைத்தான் கவுண்டர்ப் பெண் சிரித்துக்கொண்டே சாத்தினாள்.

மேரு வீட்டில் என் பேர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வாசு தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். கையில் காசு புரளும், ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது. வீட்டுக் கடன் கேட்டால் பேங்க் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் பல் டாக்டர் கிளினிக்கில் கவுண்டர் வேலை. மாதாமாதம் சீட்டு வரும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வந்தான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சும்மா பேருக்குத்தான்க்கா. மாதவிக்கு வேலை கெடச்சதும் உன் பேர எடுத்துட்டு அவ பேரப் போட்டுர்றேன்" என்றான்.

தம்பி கேட்கிறான். போட்டேன் கையெழுத்தை. சந்தோஷமாகத்தான் போட்டேன், பொய் சொல்லக்கூடாது. புதுமனை புகுவிழாவில் கூடப்பிறந்தவள் என்று என்னைத்தான் பால் காய்ச்சச் சொன்னார்கள். பால் பொங்கி வழிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குக் கிளம்பும்போது வாசு என் கையில் தானாகத் திறக்கும் ஆட்டோ கேட்டின் ரிமோட் ஒன்றை வைத்து அழுத்தினான். "இது உன்னோடது. எப்ப வேணும்னாலும் வா, தொறந்துக்க" என்றான். அதைக் கைப்பையின் உள்பையில் போட்டு வைத்தேன். போகும்போதெல்லாம் யாராவது திறந்துவிடுவார்கள் என்பதால் அதைப் பயன்படுத்த வேளையே வரவில்லை. பை மாறினாலும் ரிமோட்டை மட்டும் மறக்காமல் மாற்றி வைத்துக்கொள்வேன்.

மாதவிக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. பேர் மாற்றுவதைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் வக்கீல் பிஸி, பேங்கில் ஆள் மாறிவிட்டார், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று வாசு சொல்வான். நானும் தலையாட்டிவிட்டு, மாதவி போட்டுக் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வருவேன்.

கவுண்டரிலிருந்து நேராக மேருவுக்குத்தான் போனேன். வாசு வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னேன். இன்றைக்கே வக்கீலுக்குப் போன் போடு, என் பேரை எடு, மாதவி பேரைப் போடு, தீபாவளிக்குள் எனக்கு அந்த வீடு வேண்டும் என்றேன். இவ்வளவு கறாராக நான் அவனிடம் பேசியதே இல்லை.

அவன் மாதவியைப் பார்த்தான். மாதவி மேசையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அவ பேர இதுல போட்டா, அவளோட முதல் வீட்டுச் சலுகை போயிரும்லக்கா" என்றான் வாசு.

எனக்கு உடனே விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. மாதவி பேரில் வீடு வாங்கியாயிற்று. நான் ஜன்னல் திறந்து பார்த்தேனே, அதே அடுக்குமாடியில். அடுத்த மாதம் சாவி. பையன் பெரியவனானால் அவனுக்கு ஆகும் என்று வாங்கிப் போட்டார்களாம். அந்த அடுக்குமாடியைப் பற்றி அவர்களிடம் முதலில் சொன்னதே நான்தான். பொங்கலன்று இதே மேசையில் உட்கார்ந்து, போனில் படம் காட்டி, முன்பணம் சேர்ந்ததும் மனுப் போடப்போகிறேன் என்று சொன்னேன். நல்லா இருக்கு அண்ணி என்று மாதவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆக, அவள் பேர் அழுக்குப்படாமல் இருக்கத்தான் என் பேரை இங்கே மாட்டியே வைத்திருந்தார்கள். வக்கீலும் பிஸியில்லை, பேங்கிலும் ஆள் மாறவில்லை. கூடப்பிறந்தவனே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

"அப்ப என்னோட சலுகை?" என்றேன்.

"நீ ஒத்த ஆளுதானக்கா. உனக்கு எதுக்கு தனியா வீடு? இதுவும் உன் வீடுதான்லா."

"ஆமா அண்ணி" என்றாள் மாதவி. "எப்ப வேணும்னாலும் வாங்க, இருங்க."

அவன் முகத்தில் கள்ளத்தனம் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான். கல்யாணம் ஆகாதவளுக்குக் கதவு எதற்கு, ஜன்னல் எதற்கு, ஒரு மூலை போதாதா என்று. எழுந்து வந்துவிட்டேன். மைலோ அப்படியே இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். கவர்மெண்ட் சொல்கிறது எனக்கு வீடு இருக்கிறது என்று. பேங்க் சொல்கிறது. தம்பி சொல்கிறான், தம்பி பெண்டாட்டி சொல்கிறாள். இத்தனை பேர் சொன்ன பிறகும் நான் எதற்குப் பின்னறையில் கிடக்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரி பிடித்தேன். லோரிக்காரர் இராமலிங்கம் அண்ணன், கிளினிக்குக்குப் பல் கட்ட வருகிறவர், பாதி விலைக்கு வந்தார். என் கட்டில், அலமாரி, கேஸ் அடுப்பு, சாமிப் படங்கள், துணி மூட்டை. ஒரு லோரி நிறையவில்லை. மேருவுக்குள் நுழைந்ததும் அண்ணன் வழி கேட்டார். நான்தான் திருப்பம் திருப்பமாகச் சொல்லிக்கொண்டு போனேன். வீட்டுக்காரிக்கு வழி தெரியாமல் இருக்குமா?

கேட் சாத்தியிருந்தது. இறங்கினேன். கைப்பையின் உள்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. கேட் அசையவில்லை. கிட்டப் போய் மறுபடியும் அழுத்தினேன். பேட்டரி போயிருக்கும், இத்தனை வருஷம் சும்மா கிடந்ததே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

லோரிச் சத்தம் கேட்டு வாசு இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தான். கட்டிலைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். என் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"அது பழசுக்கா. கேட்டோட கோட் நம்பர மாத்திட்டோம்."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு" என்றான். பிறகு குரலைத் தணித்து, பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டே, "வர்றதுன்னா ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல" என்றான்.

மாதவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

எங்கே இறக்குவது என்று இராமலிங்கம் அண்ணன் கேட்டார். பிளாஸ்டிக் முக்காலியை முதலில் எடுத்துத் தரச் சொல்லி, கேட்டை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"இங்கேயே எறக்குங்கண்ணே, வீடு இதுதான்" என்றேன். "குடியிருக்கறவங்க தொறக்கட்டும். அதுவரைக்கும் வீட்டுக்காரி வெளிய உக்காந்திருக்கேன்."