பச்சோந்தியின் தாகம்

எங்கள் மொராமங்கா ஊரில், கெட்டது நடக்கும் என்று பச்சோந்தியை விரல் நீட்டிக் காட்டவே மாட்டோம். காட்டியே தீரவேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொள்வோம். ஆனால் என் கணவர் லாந்து, யாரோ வெளிநாட்டுக்காரன் விட்டுப்போன ஒன்றைக் கூண்டும் செடியுமாகச் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டார். அதன் தீனிக்குக் கரப்பான்பூச்சி வளர்த்தார், அதுவும் என் அரிசி டப்பாவில்.

பத்தே நாளில் அதன் கண்கள் குழிந்து, தோல் சுருங்கிவிட்டது.

“கிண்ணம் நிறையத் தண்ணி வெச்சிருக்கேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது, ஹைங்கு,” என்று என்னிடம் புலம்பினார்.

“செத்துத் தொலையட்டும்!” என்றேன், மடக்கிய விரலால் அதைக் காட்டி.

மதியம் சாப்பிட்டதும், எங்கள் ஊர் வழக்கப்படி, சோற்றுப் பானையின் அடிக்காந்தலில் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் ஏதோ நெளிந்தது. டப்பாவிலிருந்து தப்பிவந்த கரப்பான்! வாயிலிருந்த மொத்தத்தையும் கூண்டின்மேல் துப்பிவிட்டேன்.

இலைகளில் துளிகள் தொங்கின. அந்தச் சனியன் மெல்லத் தலையைத் திருப்பி, ஒவ்வொரு துளியாக நக்கிக் குடித்தது.

“அடடே, இலையில சொட்டுனாத்தான் குடிக்குமா!” கணவர் ஓடிவந்து டம்ளரை என் கையில் திணித்தார்.

“இன்னொரு வாய் துப்பு, கண்ணு.”