இல்லாத காய்ச்சல்

"தங்கச்சி வளகாப்புக்கு ஜோதிமணியக் கூட்டிட்டு வராத கண்ணு. ரெண்டு தடவ கலைஞ்சவ வந்து வளையல் போட்டா சனம் சும்மா இருக்குமா?" என்று பாப்பம்மாள் போனில் சொன்னபோது பிரசாந்துக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

"என்னம்மா பேசற? தாரணிய மூணு வருசம் வச்சுப் பாத்துக்கிட்டவ அவதான."

"பாக்கலீன்னு நாஞ் சொன்னனா? அவளுக்கும் மனசு தாங்காதில்ல, அதுக்குத்தான்."

அந்தக் கடைசிச் சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மைசூர் மண்டி மொஹல்லாவில் வேலை பார்க்கும் பெயின்ட் கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், அது அம்மா சொன்னதாக இல்லாமல் அவனே யோசித்ததாகிவிட்டது. தங்கையின் நிறைவயிற்றைப் பார்த்து மனைவி உள்ளுக்குள் உடைவதை நினைத்தான், கண் கலங்கியது. பெண்டாட்டி மனதை இவ்வளவு அறிந்தவன் ஊரில் எத்தனை பேர் என்றும் தோன்றியது.

ஜோதிமணியோ நாத்தனாருக்கு முதல் வளையல் போடக் காத்திருந்தாள். மைசூரில் காலேஜ் படித்த காலமெல்லாம் தாரணிக்கு அண்ணி பின்னிவிட்டால்தான் சடை. அவள் கை அளவுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல்களாகப் பொறுக்கி வாங்கி வைத்திருந்தாள். "நீ வரவேண்டாம், உனக்காகத்தான் சொல்றேன்" என்று அவன் சொன்னதும், வளையல்களைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

வளைகாப்பு நடந்த கௌதள்ளியில் கேட்டவர்களுக்கெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் என்றான். அந்த முடிச்சை அம்மா அவிழ்க்கவே விடவில்லை. விசேஷ வீட்டில் எதற்கு ரகளை என்று அதற்கும் அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இருட்டின பிறகு வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே ஜோதிமணிக்குத் தாரணியின் போன் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டுச்சா அண்ணி, சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன் என்று அவள் சொன்னது அவனுக்கும் கேட்டது. ஜோதிமணி அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த துணி முடிச்சையும் பார்த்தாள்.

"விட்டிருச்சு தங்கம். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி போனை வைத்தாள்.

"எனக்கு மட்டும் சந்தோசமா ஜோதி? உன்ன நெனச்சு அங்க எனக்குச் சோறே எறங்கல" என்றான். அது பொய்யும் இல்லை. வழக்கம்போல அவள் தன்னைத் தேற்றுவாள் என்று நின்றான்.

முதல் தடவை கலைந்தபோது அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் அவளுக்காகத்தான். அடுத்த தடவை யாரிடமும் சொல்லி அழக்கூடாது என்றதும் அவளுக்காகத்தான். அப்போதெல்லாம் கேட்க வாயெடுத்து விழுங்கியதை இன்று அவள் விழுங்கவில்லை.

"ஏங்க, இனிமேலும் எங்கயும் வரவேணாம்னு சொல்லுங்க. உங்கம்மாவுக்குப் பிடிக்கல, உங்களுக்குக் கூச்சமா இருக்குன்னு சொல்லுங்க. இருந்துக்கறேன். எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க."