எட்டு தோல் உறைகள்

10 பிப்ரவரி 1964, திங்கள்

சனிக்கிழமைக் குறிப்பில் ஒரு சிறு பிழை. பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது பேர்தான். கிரிக்கெட் நினைப்பில் எழுதிவிட்டேன். அதை நம்பி, மாதிரிக்கு ஒன்று போக இன்னும் பத்து உறை வேண்டும் என்று சேசுராஜிடம் சொன்னேன். நேற்றே அவன் பத்துக்கும் தோலை வெட்டி முடித்துவிட்டான். வேண்டியது எட்டுதான்.

"ரெண்டு கெடக்கட்டும் விடு. தோலு என்ன அழுகியா போவும்?" என்றான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. மாட்டுங்கா மாலை வகுப்பில் எந்திர வரைபடம் படிக்கிறவன் எண்ணிக்கையிலேயே தவறலாமா?

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் சாமான் கிடங்கில் வேலை பார்க்கும் செம்பூர் தொழிற்சாலைக்குப் புது எந்திரங்களை நிறுவ வந்திருக்கும் அமெரிக்கப் பொறியாளர் கார்வெல். தொழிலாளர்களில் ஒன்பது பேரைச் சேர்த்து பேஸ்பால் கற்றுக்கொடுக்க அவருக்கு ஆசை. பந்து இருக்கிறது, மட்டை இருக்கிறது. பந்தைப் பிடிக்கும் தோல் உறைதான் அவருடையது ஒன்றே ஒன்று. அதைப் போலச் செய்ய ஆள் உண்டா என்று கேட்டார். தாராவியில் தோல் கொட்டகையில் வேலை செய்யும் என் சிநேகிதன் சேசுராஜ் பெயரைச் சொன்னேன். உறைகள் நன்றாக அமைந்தால் அவனைத் தொழிற்சாலையில் எந்திரங்களை ஓட்டும் தோல் பெல்ட் தைக்கும் பிரிவில் நிரந்தரமாக எடுக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று சேசுராஜின் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறது. இதைக் கேட்டதும் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கார்வெல் தரையில் சாக்கட்டியால் ஆடுகளத்தை வரைந்து இருபது நிமிடம் விளக்கினார். வரைந்தது இடது கையால். உறையை எனக்குக் கொடுத்ததும் இடது கையால்தான். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வெளிநாட்டார் வழக்கம் என்று பார்வையைத் திருப்பிக்கொண்டு வலது கையால் வாங்கினேன். அவர் சொன்னவற்றில் ஒரு வரி மட்டும் மாதிரியோடு பொருந்தவில்லை. மாதிரியைப் பார்த்து நானே திருத்திக்கொண்டேன். மறுபடி கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். நேற்று முன்தினம் மாலையே அவர் டெல்லி போய்விட்டார். 23ஆம் தேதி வருவார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எட்டு உறைகளும் தயார். தாராவியில் ரயில் பாதை ஓரத்து வெற்றுநிலத்தில் முதல் பயிற்சி. குறிப்பேட்டைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல ஆடினார்கள். பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். லேத் பிரிவு செல்லப்பாண்டி மட்டையோடு ஓடினான்.

"கீழ போடும்வே!" என்று கத்தினேன்.

"போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். இது தாராவி, வே!"

பிடிப்பது சுலபமாக வந்துவிட்டது. எறிவதுதான் பெரும்பாடு. வலது கையில் உறை இருப்பதால் இடது கையால் எறிய வேண்டியிருக்கிறது. ஒருவருக்கும் வரவில்லை. பந்து மூன்று முறை சாக்கடையில் விழுந்தது.

"வே, நோட்டுப் புக்கு," என்றான் செல்லப்பாண்டி, "இந்த வெளயாட்ட கண்டுபிடிச்சவன் என்ன, ரெண்டு கையும் ஒடிஞ்சவனா?"

"அமெரிக்காவுல சின்ன வயசுலேருந்து பழகுவாங்க. நாமளும் பழகணும்."

"உறைய கழத்திட்டு வலது கையால எறிஞ்சா?"

எறிந்து பார்த்தோம். கழற்றி முடிப்பதற்குள் ஓடுகிறவன் தொட வேண்டிய அடுத்த பேஸ் கட்டத்தில் போய் நின்று பல்லைக் காட்டினான். ஆகவே இடது கையே என்று முடிவு செய்தேன். வாட்ச்மேன் ஜம்பு மட்டும் முதல் எறியிலேயே நேராக எறிந்தார். நாற்பது வயது மனிதர், அதிகம் பேசாதவர். அவருடைய கவனத்தை மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொன்னேன். அவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

22 பிப்ரவரி, சனி

சேசுராஜ் தோல் கொட்டகை மேஸ்திரியிடம் இன்றோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். அவனுடைய இடத்துக்கு அங்கேயே வேறு ஆளும் போட்டாகிவிட்டது. "நாளைக்கு துரை பாத்துட்டார்னா பர்மனென்ட்டுதானே?" என்றான். அவசரப்படாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலைப் பின்புற மைதானத்தில் ஒன்பது பேரும் உறை மாட்டி வரிசையாக நின்றார்கள்; நான் பக்கத்தில் நின்றேன். சேசுராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றான். கார்வெல் சிரித்துக்கொண்டே வந்தார். முதல் ஆளின் கையைப் பார்த்தார். இரண்டாவது ஆளின் கை. மூன்றாவது. ஒவ்வொரு கையிலும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, என்னிடம் வந்து சேர்ந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை.

"உங்களில் எத்தனை பேர் இடது கைக்காரர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். செல்லப்பாண்டி சிரித்தான். "நல்லா கேட்டாரு போ. இடது கைய நீட்டுனா எங்கம்மா கரண்டியாலயே போட்ருப்பா."

பிறகு கடைசியில் நின்ற ஜம்பு தோள் உயரத்துக்கு ஒரு கையை மெல்லத் தூக்கினார். இடது கை. "சின்னதுல கட்டிப் போட்டு மாத்திட்டாங்க," என்றார். "எறியறதுக்கு மட்டும் இன்னும் இதான் வருது."

கார்வெல் என்னிடம் திரும்பினார். எறியும் கை எதுவோ அது வெறுங்கையாக இருக்க வேண்டும், உறை மறு கையில் என்றார். தாம் இடது கைக்காரர், அதனால் தம் உறை வலது கைக்கு. "மற்றவை எல்லாம் இடது கைக்கு என்று அன்றே தெளிவாகச் சொன்னேன். இந்த எட்டில் ஒன்றுதான் உதவும். சொன்னதைக் கேட்டுச் செய்யத் தெரியாத ஆளைப் பெல்ட் பிரிவில் எப்படிச் சேர்ப்பது? புதன்கிழமை, புதிதாக எடுக்கும் ஆட்களின் பெயர்ப் பட்டியல் மேனேஜரிடம் போகிறது."

என் காதுக்குள் ரயில் போவது போல இருந்தது. அந்த வரி எனக்கு நினைவிருந்தது. நான் திருத்திய அதே வரி.

வேலியோரத்திலிருந்து சேசுராஜ் கேட்டான்: "ஏல, என்ன சொல்லுதாரு? புடிச்சிருக்காமா?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதியே ஆக வேண்டும். "அளவு கொஞ்சம் சரியில்லையாம்," என்றேன். கார்வெலிடமும் தவறு யாருடையது என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நடந்து போய்விட்டார். இரண்டு எட்டில் ஓடிப் பிடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, கார்வெல் விளக்கியபோது குறிப்பெடுத்த தாளை எடுத்தேன். இருக்கிறது, என் கையெழுத்திலேயே. "மற்றவை இடது கைக்கு." அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரே நேராக அடித்திருக்கிறேன். பக்கத்தில்: "வாய் தவறிச் சொல்லியிருப்பார். எதையும் வாங்குவது வலது கையால்தானே. மாதிரியும் வலதுதான்." இடது கையால் எழுதுகிற மனிதருக்கு வலது இடது குழம்பும் என்று நினைத்திருக்கிறேன். அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று கேட்காமல் இருந்திருக்கிறேன். ஒரு வாரமாக எட்டுப் பேரை வராத கையால் எறிய வைத்து, வரவில்லை என்று கடிந்தும் இருக்கிறேன். பந்து சாக்கடையில் விழுந்தபோது ஒரு முறையாவது என்னைச் சந்தேகித்திருக்கக் கூடாதா? மற்ற எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறேனே!

நான்கு மணிக்குத் தாராவிக்கு, சேசுராஜ் வீட்டுக்குப் போனேன். சேசுராஜ் உறைகளை வரிசையாகப் பரப்பி அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தான். "அளவு சரியாத்தாம்லே இருக்கு. அரை நூலு கூட வித்தியாசம் இல்ல."

தாளை அவன் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தாளைத் தொடவில்லை.

"அப்ப காலைல அங்க வச்சு அளவு சரியில்லன்னு சொன்னது?"

"பொய்."

"நா வேலைய விட்டுட்டேம்லே," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போவதா இருப்பதா என்று தெரியவில்லை. அரை மணி கழித்து வந்தவன் ஓர் உறையை எடுத்தான். கவிழ்த்தான். புறங்கைப் பக்கத்தை மேலே வைத்து, அதன்மேல் தன் இடது கையை உள்ளங்கை மேலே தெரிய மல்லாத்தி வைத்தான். விரலுக்கு விரல் பொருந்தியது.

"முன்னும் பின்னும் ஒரே அச்சுதானே," என்றான், தனக்குத்தானே. "உள்ள இருக்க பஞ்சுத் திண்ட எடுத்து இந்தப் பக்கம் வைக்கணும். மணிக்கட்டு வாய அடச்சிட்டு மறுபக்கம் தொறக்கணும்."

"முடியுமா?"

"தச்சத பிரிச்சு கெடுத்துட்டா வேற தோலு இல்ல. மொதல்ல தைக்காதது ஒண்ணுல பாக்கணும்." மூலையிலிருந்து அந்த அதிகப்படி இரண்டில் ஒன்றின் துண்டுகளை எடுத்தான். நான் நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். ஏழரை மணிக்கு அது முடிந்தது. இடது கையில் மாட்டி, பந்தை வலது கையால் சுவரில் எறிந்து பிடித்தான். பிடித்த சத்தம் நன்றாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"தொரகிட்ட யார் சொல்லுவா?" என்றான்.

"நான்."

"பொறவு ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

நாளை, திங்கள்: ஏழே முக்கால் மணிக்கு, வேலை தொடங்கும் முன், அடித்த வரி உள்ள அதே தாளையும் இன்று தைத்த உறையையும் கார்வெலிடம் கொண்டுபோய், பிழை என்னுடையது, சேசுராஜுடையது அல்ல என்று சொல்ல வேண்டும். மாலை வகுப்புக்குப் போகாமல் தாராவிக்குப் போய் ஏழு உறைகளின் தையலைப் பிரிக்க வேண்டும். ஜம்புவுடையதைப் பிரிக்கக் கூடாது.