யாருடைய முழம்?

ஆமை ஒன்று, தன் முதுகிலிருக்கும் ஓடு கழன்று விழுந்துவிடுமோ என்று அஞ்சி, நடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். அப்படிப் பார்த்துப் பார்த்தே குளத்தை மூன்று முறை சுற்றி வந்ததே தவிர, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனடாவின் மார்க்கம் நகர விளையாட்டுத் திடலின் கார்த் தரிப்பிடத்தில், அந்த ஞாயிறு பிற்பகல், துர்க்காவும் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி காரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வியர்க்கும் கைகள் அவளுடையவை. மனம் பதறினால் இன்னும் வியர்க்கும்; வியர்ப்பதைக் கண்டால் மனம் இன்னும் பதறும். இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த பேஸ்போல் ஆட்டத்தில் அவள் ஓங்கி வீசியபோது பந்து அப்படியே பின்னால் போனது. மட்டையோ கையை விட்டு எதிரணியான விட்பி அணியினர் உட்காரும் வாங்கை நோக்கிப் பறந்தது. அந்த அணியின் தலைவி செரீனாவின் காதை உரசாத குறையாகச் சென்று, தண்ணீர்ப் போத்தல்களைச் சரித்துவிட்டு நின்றது. நடுவர் அன்ட்ரூ மென்மையான மனிதர். மென்மையாகவே சொன்னார்: இன்னொரு முறை மட்டை பறந்தால், இந்தக் கோடை முழுவதும் அவளுக்கு ஆட்டமில்லை.

வாரத்தில் ஐந்து நாளும் காதில் தொலைபேசிக் கருவியை மாட்டிக்கொண்டு, காப்புறுதி நிறுவனமொன்றில் ஊராரின் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். ஆறாம் நாள் வீட்டுக்கு. ஏழாம் நாள் மட்டும்தான் எதையாவது ஓங்கி அடிக்கலாம். அந்த ஒரு நாளை அவளால் இழக்க முடியாது.

அவளுடைய அணித்தலைவன் ரில்வான்தான் வழி சொன்னான். பைன் மரத்திலிருந்து எடுக்கும் தாரை மட்டையின் பிடியில் பூசினால் கை வழுக்காது. ஆனால் அடிநுனியிலிருந்து பதினெட்டு அங்குலத்துக்கு மேலே தார் ஏறக்கூடாது; அது விதி.

துர்க்கா பூசினாள். பிடித்துப் பார்த்தாள். போதாதென்று மறுபடி பூசினாள். விரல்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. காரின் கதவுப்பிடியிலும் தார்.

"இஞ்சருங்கோ, பதினெட்டு இஞ்ச் எவ்வளவு? அளவுநாடா வீட்டிலை கிடக்குது."

அவளுடைய கணவன் ஜனார்த்தன் ஸ்காபரோவில் பூக்கடை வைத்திருப்பவன். ஆறடி இரண்டங்குல உயரம். "உதுக்கு ஏன் நாடா? பதினெட்டு இஞ்ச் எண்டா ஒரு முழம்" என்று சொல்லி, முழங்கையை மட்டையின் அடியில் வைத்து நடுவிரல் நுனியில் ஒரு கோடு கிழித்தான். "ஒரு நாளைக்கு நூறு முழம் அளக்கிறன். பதறாமல் பூசும்."

அவள் கோடுவரை பூசினாள்.

அன்றும் எதிரணி விட்பிதான். ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் அவளுடைய முறை வந்தது. அடித்தவர் ஓடிப்போய் மிதிக்கவேண்டிய முதற் பேஸில் காவலுக்கு நின்ற செரீனா கையுறையை வாயருகே வைத்துக் கூப்பிட்டாள்: "துர்க்கா அக்கா, இண்டைக்கு மட்டை எந்தப் பக்கம் வரும்? சொன்னா விலகி நிப்பம்."

விட்பி வாங்கில் சிரிப்பு. பிறகு செரீனா நடுவரிடம் வந்து, சிரிக்காமல், தாரை அளக்கச் சொன்னாள். காதருகே மட்டை பறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

அன்ட்ரூ பையிலிருந்து நாடாவை எடுத்தார். இருபது அங்குலம்.

"ஒரு முழம்தான் பூசினோம்" என்று துர்க்கா ஆங்கிலத்தில் சொல்லி, முழம் என்றால் என்னவென்று தன் கையை நீட்டிக் காட்டினாள். அன்ட்ரூ அந்தக் குட்டைக் கையையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருடைய கை?" என்று கேட்டார்.

வேலியோரம் நின்ற ஜனார்த்தனின் நீண்ட கைகள் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. அவனுடைய கடையில் கூட்டம் குறையாததன் இரகசியம் துர்க்காவுக்கு அப்போதுதான் விளங்கியது.

தார் மட்டை ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ரில்வான் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு துளி தாரும் படாத, பளபளவென்று வழுக்கும் மட்டை. "வீசாட்டியும் பரவாயில்ல அக்கா. சும்மா நில்லுங்க" என்றான்.

அவள் சும்மா நின்றாள். முதற் பந்து வந்தது, அசையவில்லை. இரண்டாவது அதைவிட நல்ல பந்து. கால் மாற்றி நின்றாளே தவிர மட்டையை அசைக்கவில்லை. இன்னும் ஒன்று தவறினால் வெளியே. வீசாமல் நின்றால் மட்டை பறக்காது, அணியில் இடமும் போகாது. ஆனால் இப்படி நிற்பதற்கா அந்த இடம்?

மூன்றாவது பந்துக்கு வீசினாள்.

அடி பட்ட சத்தத்தை அவளே நம்பவில்லை. பந்து தாழப் பறந்து இரண்டு காவலர்களுக்கு நடுவே புல்லில் இறங்கியது. வேலியோரத்திலிருந்து ஜனார்த்தன், "ஓடும், ஓடும்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். மூச்சு வாங்க முதற் பேஸை மிதித்த பிறகுதான் நிமிர்ந்தாள். எதிரே நின்ற செரீனா இரண்டடி பின்வாங்கியிருந்தாள்.

துர்க்கா கீழே பார்த்தாள். மட்டை அவளுடைய கையிலேயே இருந்தது. அடித்ததும் எல்லோரும் கீழே போட்டுவிட்டு ஓடுவதை, அவள் கூடவே கொண்டுவந்திருந்தாள். ஆட்டத்துக்கு முன் பூசிப் பூசி உள்ளங்கையில் ஊறியிருந்த தார், வியர்வையையும் மீறி, அதை விடவில்லை.

அன்ட்ரூ நடந்து வந்தார். மட்டையைப் பார்த்தார். "மட்டையை எறியாதே என்றுதான் சொன்னேன்" என்றார். "கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று விதியில் இல்லை." இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, அவள் ஆட்டத்தில் இருப்பதை அறிவித்தார்.

செரீனா கையுறையைக் கழற்றிவிட்டு அருகே வந்தாள். "போன முறை எறிஞ்சீங்கள். இந்த முறை நேரிலை கொண்டு வந்து தாறீங்கள் போல. விடுங்கோ அக்கா, வாங்கிறன்."

"விடத்தான் பாக்கிறன்" என்றாள் துர்க்கா. "விரல் வருதில்லை."

செரீனா குனிந்து, சின்னவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.